பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் ஓம்

மின்கேத்தல் ஒன்று 230 வோல்ற்று அழுத்தத்தில் 10 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறுமாயின், முன்னதைப் பின்னதால் வகுக்க அதன் தடை 23 ஓம். இரண்டையும் பெருக்க அதன் வலு 2300 உவாற்று. பாடசாலை மாணவரும் நொடியில் செய்யும் இக்கணிப்பின் முதற்பாதியைக் கண்டறிந்தவர், அதன்பொருட்டுத் தமது பதவியையே துறக்க நேர்ந்தது.

ஜோர்ஜ் சைமன் ஓம், 1789 இல் இன்றைய ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில் பிறந்தார். பூட்டுத் தொழிலாளியான தந்தை, தாமாகவே கணிதம் கற்று அதனைப் புதல்வர்களுக்கும் புகட்டியவர். கொலோன் நகரப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தபோது ஓம், வெவ்வேறு நீளமான கம்பிகளை மின்கலத்துடன் இணைத்து ஆராய்ந்தார். அக்காலத்து மின்கலமோ அளந்துகொண்டிருக்கும்போதே வலிமை குன்றிவிடும். எனவே பொகென்டோர்வ் என்ற அறிஞரின் ஆலோசனைப்படி பிஸ்மத்தையும் செம்பையும் பொருத்தி, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றையதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை மாறாதவரை அழுத்தமும் மாறவில்லை. தொங்கவிடப்பட்ட காந்த ஊசியின் திருப்பம் மின்னோட்டத்தைக் காட்டிற்று. கம்பி நீள நீள அது எவ்விகிதத்தில் குறைகிறது என்பது 1826 இல் தெளிவாயிற்று.

மறு ஆண்டே இதனை நூலாக வெளியிட்டார். கிட்டியதோ புறக்கணிப்பு. இயற்கையைக் கணிதத்தால் விளக்குவதை அங்கு பலர் அன்று விரும்பவில்லை. பல்கலைக்கழகப் பதவியை எதிர்பார்த்திருந்தவர், மனமுடைந்து 1828 இல் ஆசிரியப் பணியையும் விட்டு விலகினார்.

சொந்த நாட்டில் உரிய மதிப்புப் பெறாத அவருக்கு, லண்டன் றோயல் சங்கமே 1841 இல் கொப்லி பதக்கம் வழங்கியது. மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பத்தை அளந்து, வலுவைக் கணிக்க ஜூல் வழிவகுத்ததும் அக்காலத்தில்தான். மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஓம் பேராசிரியரானது 1852 இல். காலமானது 1854 இல். மின்தடையின் அலகுக்கு அவரது பெயரை 1881 இல் பாரிஸ் மாநாடு ஏற்றுக்கொண்டது.