தச்சுப் பட்டறையில் பிறந்த தொடர்வண்டி

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆண்டுதோறும் நம் கல்லூரி மலரில் மேதைகள் பலரது வாழ்க்கை வரலாறு இடம்பெறுகிறது. எடிசனும் பாரடேயும் நம் சர் சி. வி. இராமனும் இப்பக்கங்களை அணிசெய்திருக்கின்றனர். அந்தப் பெரியோர் வரிசையில் ஒரு தச்சருக்கும் இடம் கேட்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். ஆய்வுக்கூடம் கண்டவரும் அல்லர். ஆயினும் உலகெங்கும் குழந்தைகளும் பெரியவர்களும் வண்ணக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வீடும் பாலமும் தொடர்வண்டியும் கட்டி மகிழ்கின்றனரே, அந்த லெகோ என்னும் பெயரை நாட்டியவர் அவர்தாம். பெயர் ஒலே கிர்க் கிறிஸ்டியான்சன். நாடு டென்மார்க்.

அவரைப் பற்றி நான் அறிய நேர்ந்ததே என் தந்தையாரின் தொழிலால்தான். என் தந்தையார் தச்சர். சென்ற கோடை விடுமுறையில் நகரத்து வீடு ஒன்றில் நீண்ட மேசைகள் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. பலகை தூக்க நானும் உடன் சென்றேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பொறியாளர். மேசைகள் எதற்கென்று முதலில் எங்களுக்குத் தெரியாது. அவை முடிந்த நாளன்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அவர் பரப்பியபோதுதான் விளங்கிற்று. நிலையம், நடைமேடை, பயணிகள், தேநீர்க் கடை, பாலம், பாலத்தின் கீழ் ஆறு. அனைத்தும் கட்டைவிரல் அளவுக் கற்களால் கட்டியவை! நடுவே தண்டவாளத்தில் ஒரு தொடர்வண்டி வளைந்து வளைந்து ஓடிற்று. இரண்டு மேசைகள் சேரும் இடத்தில் மட்டும் அது தடுக்கி நின்றது. என் தந்தையார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலின் அடியில் மெல்லிய மரச்சீவல் ஒன்றைச் செருகினார். வண்டி ஓடிற்று. அந்தக் கற்களுள் இரண்டை எடுத்துப் பொருத்திப் பிரித்துப் பார்த்த அவர், இதன் மூட்டைச் செய்தவன் தச்சு வேலை தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பொறியாளர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

கிறிஸ்டியான்சன் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஜட்லாந்துப் பகுதியின் பில்ஸ்கோவ் என்னும் சிற்றூரில், பல குழந்தைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதில் தம் தமையனாரிடமே தச்சுத் தொழில் பயின்றார். பின்னர் ஜெர்மனியிலும் நார்வேயிலும் கூலிக்கு வேலை பார்த்து, 1916-இல் நாடு திரும்பி, பில்லுண்ட் என்னும் கிராமத்தில் ஒரு மரப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. சுற்றுப்புறத்து விவசாயிகளுக்குக் கதவும் சன்னலும் செய்வது, வீடு கட்டுவது, இவையே அவர் பிழைப்பு.

பட்டறை என்றால் வச்சிரம் காய்ச்சும் அடுப்பு இருக்கும். அடுப்பருகே மரச்சீவல் குவிந்து கிடக்கும். தச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து நன்கு தெரியும். 1924-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகன்களுள் சிறுவர் இருவர் அந்தப் பசை அடுப்பைப் பற்றவைக்கப் போக, தீ சீவலில் பாய்ந்து பட்டறையும் வீடும் சேர்ந்தே சாம்பலாயின. அவ்விருவருள் ஒருவனான காட்ஃப்ரெட்டுக்கு அப்போது வயது நான்கு! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தந்தையார் இடிந்துபோய் உட்காரவில்லை. முன்னதைவிடப் பெரிதாகவே ஒரு வீடும் பட்டறையும் எழுப்பினார்.

அடுத்த அடி 1930-களின் தொடக்கத்தில் விழுந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. விவசாயி கையில் காசில்லை. காசில்லாதவன் கதவு செய்யச் சொல்வானா? 1932-இல் மனைவியும் மறைந்தார். நான்கு ஆண் பிள்ளைகள், வேலையில்லாத பட்டறை. ஏணியும் துணி தேய்க்கும் பலகையும் செய்து விற்றார். எஞ்சிய மரத் துண்டுகளில் பொம்மைகள் செய்தார். மரத் தொடர்வண்டி, மரக்கார், இழுத்தால் வாயசைக்கும் வாத்து. ஆனமட்டும் உதவிய உறவினர்க்கே வளர்ந்த மனிதன் பொம்மை செய்து பிழைப்பதாவது என்னும் ஐயம் இருந்தது. இந்தக் கட்டத்தைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. ஆலையில் செய்த கதவுகளும் கட்டில்களும் ஆயத்தமாகக் கடைக்கு வந்தபின், என் தந்தையார் வேலையின்றிக் கழித்த மாதங்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டு உளியை எனக்குப் பின் பிடிப்பார் எவருமில்லை. ஆகவே, கைத்தொழில் நொடித்த ஒரு மனிதர் அடுத்து என்ன செய்தார் என்பது எனக்கு வெறும் கதை அன்று.

1934-இல் தம் தொழிலுக்கு ஒரு பெயர் வேண்டுமென்று பணியாளர்களிடையே போட்டி வைத்தார். பரிசு, வீட்டில் வடித்த திராட்சை மது ஒரு புட்டி. நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து லெகோ என்று அவரே ஒரு பெயர் சொன்னார், அதுவே தேர்வாயிற்று. பரிசும் அவருக்கே!

வாத்துக் கதை ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மர வாத்துகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது பட்டறையின் வழக்கம். இளைஞனான காட்ஃப்ரெட் ஒருநாள் இரண்டு பூச்சோடு நிறுத்தி, பெட்டிகளை ரயில் நிலையத்தில் சேர்ப்பித்துவிட்டு வந்து, செலவு மிச்சம் என்று பெருமையாகச் சொன்னான். தந்தையார் பாராட்டவில்லை. உடனே நிலையத்துக்குப் போய்ப் பெட்டிகளை மீட்டு வந்து, மூன்றாம் பூச்சையும் பூசிப் பொதிந்து திரும்ப அனுப்பும்வரை தூக்கமில்லை என்று சொல்லிவிட்டார். துணைக்கும் யாரையும் அனுப்பவில்லை. கடுமை என்பீர்கள். வார்னிஷ் எத்தனை முறை பூசியது என்று வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாது. ஓராண்டு கழிந்து பொம்மைக்குத்தான் தெரியும்!

1942-இல் மீண்டும் ஒரு தீ. பட்டறையோடு மாதிரிகளும் வரைபடங்களும் போயின. மறுபடியும் கட்டினார். இம்முறை எழுந்தது முறையான பொம்மை ஆலை.

போர் முடிந்தபின் அவர் எடுத்த முடிவுதான் வியப்புக்குரியது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தி வார்க்கும் எந்திரம் ஒன்றை 1946-இல் வாங்க முற்பட்டார். விலை 30,000 குரோனர். மரத்தையே நம்பி வாழ்ந்த கிராமத்து ஆலைக்கு அது பெருந்தொகை. எந்திரம் 1947-இன் இறுதியில் வந்து சேர்ந்தது. கிலுகிலுப்பை முதலியவற்றை வார்த்தபின், 1949-இல் மேலே குமிழ்களும் கீழே குழிவும் உள்ள சிறு கற்களை வெளியிட்டார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. இந்தக் கல் அவருடைய சொந்தக் கற்பனை அன்று. இங்கிலாந்தில் கிட்டிகிராஃப்ட் என்னும் பெயரில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் இத்தகைய கற்களை முன்னரே செய்து உரிமமும் பெற்றிருந்தார். அந்த மாதிரியைக் கண்டுதான் பில்லுண்டில் கல் வார்த்தனர். அளவுகளைச் சற்றே மாற்றிக்கொண்டனர். பேஜ் 1957-இல் காலமானார். அவருடைய உரிமையில் எஞ்சியதை லெகோ நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது 1981-இல்தான். புகழுரை எழுதுவோர் பலர் இதை விட்டுவிடுகின்றனர். மூன்றாம் பூச்சுக்காக மகனை நிலையத்துக்கு விரட்டியவரின் வரலாற்றில் இது உறுத்தத்தான் செய்கிறது.

அப்படியானால் அவர் பங்கு யாது? முதற் கற்களைப் பாருங்கள். உள்ளே வெறும் கூடு. மேற்கல்லின் சுவர் கீழ்க்கல்லின் குமிழைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவே. கட்டியதைத் தூக்கினால் உதிர்ந்துவிடும். விற்பனையும் மந்தம். வேறொருவராயின் அச்சைத் தூக்கி எறிந்திருப்பார். இவர்கள் எறியவில்லை. 1954-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது காட்ஃப்ரெட் கடைக்காரர் ஒருவரோடு பேசினார். பொம்மைகளுள் ஒன்றோடொன்று சேரும் ஒழுங்கே இல்லை என்று அவர் குறைப்பட்டது மகன் மனத்தில் தைத்தது. மறு ஆண்டே தெருவும் வீடும் காரும் கொண்ட ஒரு நகர அமைப்பைக் கற்களால் வெளியிட்டனர். எந்தப் பெட்டியின் கல்லும் எந்தப் பெட்டியின் கல்லோடும் சேரும். அந்த நகரில் தொடர்வண்டி மட்டும் இல்லை.

உதிரும் குறைக்கு மருந்து 1958-இல் கிடைத்தது. கல்லின் உட்புறத்தில் சிறு குழாய்களை வைத்தனர். எட்டுக் குமிழ்க் கல்லுக்கு மூன்று குழாய். கீழ்க்கல்லின் குமிழ், குழாய்க்கும் சுவருக்கும் இடையே மூன்று புள்ளிகளில் நெருக்குண்டு நிற்கிறது. பிளாஸ்டிக் இம்மியளவு விரிந்து மீள்கிறது; அந்த மீள்விசையால் எழும் உராய்வே பிடிப்பு. நாம் முதலாண்டில் படித்த மீட்சியியல்தான்! தச்சர் துளையும் கழுந்தும் இறுக்கிப் பொருத்துவதும் இதே வித்தைதான். ஆணியில்லை, பசையில்லை, அளவு மட்டுமே. இதற்கான உரிம விண்ணப்பத்தை அவ்வாண்டு சனவரி 28-ஆம் நாள் காட்ஃப்ரெட் அளித்தார். நான்கு வயதில் பட்டறையைக் கொளுத்திய அதே காட்ஃப்ரெட்! ஆறு வாரம் கழித்து, மார்ச் 11-ஆம் நாள், கிறிஸ்டியான்சன் தம் அறுபத்தாறாம் வயதில் காலமானார்.

பெட்டிகளை மீட்கக் காட்ஃப்ரெட் ஓடிய நிலையம் இருந்த பில்லுண்ட் ரயில் பாதை 1957-இலேயே மூடப்பட்டுவிட்டது. மரப் பொம்மைகளும் அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1960-இல் மரப் பொம்மைக் கிடங்கு எரிந்தது. அதோடு மரத்தையே கைவிட்டனர். வணிகத்துக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். தச்சன் மகனாகிய எனக்கு அதில் உடன்பாடில்லை.

கல்லாலான முதல் தொடர்வண்டி 1966-இல் வந்தது. நீல நிறத் தண்டவாளம். நாலரை வோல்ட் மின்கலத்தில் ஓடும் மோட்டார். 1968-இல் பில்லுண்டில் லெகோலாந்து என்னும் பூங்கா திறந்தபோது, கற்களாலேயே கட்டிய சிற்றூர்களைக் காண மக்கள் திரண்டனர். இன்று பல நாடுகளில் பெரியவர்கள் சங்கம் அமைத்து, ஆளுக்கொரு மேசைப் பகுதியைத் தத்தம் வீட்டில் கட்டி, கண்காட்சி நாளில் கொணர்ந்து இணைக்கின்றனர். ஒருவர் நிலையம், ஒருவர் துறைமுகம், ஒருவர் மலை. இணையும் இடத்தில் தண்டவாளம் ஒன்றுபட வேண்டுமானால் எல்லோரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட வேண்டும்.

அந்த அளவுகளில் ஒரு கணக்கு விளையாட்டே இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கல்லின் உயரம் 9.6, தட்டைக் கல்லின் உயரம் அதில் மூன்றிலொன்று, அதாவது 3.2. ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16. அதுவே இரண்டு குமிழின் அகலம். ஆகவே கற்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்தும் என்ஜினின் முகப்பைக் கட்டலாம். வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 40 குமிழ், 32 சென்டிமீட்டர். பதினாறு துண்டுகள் சேர்ந்தால் முழு வட்டம். இவ்வளவு குறுகிய வட்டத்தில் நீண்ட நீராவி என்ஜின் திரும்பாது. அதனால் சக்கரத் தொகுதிகளைத் தனித்தனியே திரும்பும்படி அமைக்கின்றனர். பெட்டியை ஆறு குமிழ் அகலத்தில் கட்டுவதா, எட்டில் கட்டுவதா என்பது ஆர்வலரிடையே தீராத வழக்கு. ஆறு என்றால் வளைவில் நன்கு ஓடும்; எட்டு என்றால் உண்மை வண்டி போலத் தோன்றும்.

மின்சாரம் ஊட்டும் முறை அதன்பின் பலமுறை மாறிவிட்டது: 1969-இல் 12 வோல்ட், 1991-இல் 9 வோல்ட், பிறகு மறுபடியும் மின்கலம். தண்டவாளத்தின் இடைவெளி மட்டும் மாறவில்லை. 1966-இன் நீலத் தண்டவாளத்தில் இன்றைய வண்டியின் சக்கரம் உருளும். 1958-இல் வார்த்த கல்லின் மேல் இந்த ஆண்டு வாங்கிய கல் இறுகப் பொருந்தும்.