கரும்புள்ளியில் காற்றோட்டம் கண்டவர்

புதுச்சேரியில் 1769ஆம் வருடம் ஜூன் 4ந் தேதி காலை. வெள்ளிக்கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைக் காண லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானநூல் அறிஞர் காத்திருந்தார். அதற்காகவே பல வருடம் ஊர் திரும்பாமல் இருந்தவர். பாவம், அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது!

மேகமும் புழுதியும் சூரியனை ஆராய்கிறவர்களுக்குச் சத்துரு. அதனால்தான் பின்னாளில், 1899ல், கொடைக்கானல் மலையில் சுமார் 7,700 அடி உயரத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். அங்கே பெரும் புகழ் பெற்றவர் ஜான் எவர்ஷெட்.

இங்கிலாந்தில் 1864ல் பிறந்தவர். லண்டனில் ஒரு கம்பெனியில் ரசாயன வேலை. ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளால் சூரியனை ஆராய்வார். 1898ல் கிரகணம் பார்க்க இந்தியாவுக்கே வந்துவிட்டார்! 1907ல் மனைவி மேரியுடன் கொடைக்கானலில் குடியேறினார். மேரியும் வானநூல் கற்றவர். கணவருக்குச் சரிசமமாக ஆராய்ச்சி செய்தவர்.

சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு. சுமார் 11 வருடத்துக்கு ஒரு முறை அவை பெருகும்; பிறகு குறையும். அவற்றில் பலத்த காந்தசக்தி இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி ஹேல் 1908ல் கண்டார். அங்கே வாயு புயல் போலச் சுழல்கிறது என்பது அன்றைய எண்ணம். எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியைத் தேடித்தான் 1909 ஜனவரியில் படம் எடுத்தார். கண்டதோ வேறு!

ரயில் நெருங்கும்போது ஊதல் உச்சமாகவும், விலகும்போது மந்தமாகவும் கேட்கும் அல்லவா? ஒளியிலும் அப்படி ஒரு மாறுதல் உண்டு. அதை அளந்தபோது வாயு சுழலவில்லை என்று தெரிந்தது. புள்ளியின் உள்ளிருந்து வெளிப்புறமாக, நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடியது. கண்டதைக் கண்டபடியே எழுதி வெளியிட்டார். உலகம் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று அவர் பெயரையே வைத்தது.

1911 முதல் 1923 வரை நிலையத்தின் தலைவராக இருந்து, பிறகு ஊர் திரும்பினார். 1956ல், 92ஆம் வயதில் காலமானார்.

வாயு அப்படி ஓடுவது காந்தசக்தி காட்டும் வழியில்தான் என்பது பின்னால் விளங்கியது. கரும்புள்ளியிலிருந்து கிளம்பும் காந்தக் கோடுகள் பெரும்பாலும் வில்லாக வளைந்து சூரியனுக்கே திரும்பும். வேறு சில இடங்களிலோ அவை திரும்பாமல் ஆகாயத்தை நோக்கித் திறந்து கிடக்கும். அந்த வாசல் வழியே வாயு நொடிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் தப்பி ஓடும். எக்ஸ்ரே படத்தில் அந்த இடம் இருட்டாகத் தெரியும். கொரோனா ஓட்டை என்று அதற்குப் பெயர். 1973ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்கலம் இதைத் தெளிவாகக் காட்டியது. கரும்புள்ளிகள் குறைந்த காலத்தில் இந்த ஓட்டைகள் சூரியனின் இரு துருவங்களிலும் பெரிதாக விரியும். அங்கிருந்து வரும் காற்று பூமியைத் தாக்கினால் திசைகாட்டி முள்கூடச் சற்று ஆடும்.

எவர்ஷெட் இதை அறியாமலே போனார். ஆனால் கொடைக்கானலில் 1904 முதல் அன்றாடம் எடுத்த சூரியப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. துருவங்களின் காந்தசக்தியை அளக்கக் கருவி இல்லாத அந்தக் காலத்தில் அது எவ்வளவு இருந்தது என்று அந்தப் படங்களைக் கொண்டே இன்று கணக்கிடுகிறார்கள்.