பெயர் கேட்காத விஞ்ஞானி, விலை கேட்ட மருந்து

கொடைக்கானல் மேல்மலையில் நான் வசிக்கும் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கிறார். பழனி மூலவரைச் செய்த போகரே இந்த மூலவரையும் நவபாஷாணத்தால் வடித்தார் என்பது தலைமுறைகளாக இங்கு நிலவும் நம்பிக்கை. திருமேனியே மருந்து என்று கருதப்படும் அந்தச் சேர்க்கையில் ஒன்பது பாஷாணங்களும் எந்த அளவில், எந்தப் பக்குவத்தில் கூடின என்று சொல்வார் எவருமில்லை. சித்தர் மரபில் செய்முறை குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குச் சென்றது. தக்க சீடன் வாய்க்காதபோது அத்துடன் மறைந்தது. கோயிலைச் சுற்றியுள்ள படிக்கட்டு வயல்களில் விளையும் பூண்டின் கதை வேறு. கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயருக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்ப் பூண்டுக்குச் சூட்டி விற்கச் சட்டம் இனி இடம் தராது.

நவீன மருந்துகள் மூன்றாவது வழியில் வருகின்றன. புதிய மருந்து மூலக்கூறைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை ஒளிவுமறைவின்றி எழுதி அரசிடம் தர வேண்டும்; அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அவரைத் தவிர வேறு எவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. காப்புரிமை என்பதன் சாரம் இவ்வளவுதான். இந்த மூன்றாவது வழியின் நட்ட நடுவே நின்று உழைத்தும் அதில் தன் பெயரைத் தேடாத ஒருவர் சென்னையில் மருத்துவம் படித்தவர். எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற அவரைப் பற்றி எழுதுவோர், புகழும் காப்புரிமையும் நாடாத துறவி என்று போற்றி முடித்துவிடுகிறார்கள். அந்தப் போற்றுதல் உண்மையின் ஒரு பாதி என்பதே என் எண்ணம்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12-இல் அவர் பிறந்தார். படிப்பில் நாட்டமில்லாத சிறுவன். பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவரை வழியிலேயே பிடித்து அழைத்து வந்தார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். தாய் வெங்கம்மா சம்மதிக்கவில்லை. தாயின் பிடிவாதம் அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்தது.

அங்கே காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையில் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியரின் முகம் சுளித்தது. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் தரப்படவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான கதவு அதனால் மூடிக்கொண்டது. ஒரு கதர் அங்கிக்கு இவ்வளவு விலையா என்று இன்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் அது அங்கி அல்ல, கொடி.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய வாழ்வைத் திருப்பிய துயரம் நேர்ந்தது. ஸ்புரூ என்றொரு நோய் வெப்ப நாடுகளில் அன்று பரவலாக இருந்தது. உண்பது உடலில் ஒட்டாது. ஓயாத வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக நோயாளி உருகிப்போவார். சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து அந்நோய்க்குப் பலியானார்கள். அவரையும் அது பிடித்தது. ஆங்கில மருத்துவத்தில் அதற்கு மருந்தில்லை; ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். பிறகு லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் ஆசிரியரானார். நம் மருந்துகளை நவீன ஆய்வுமுறையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே முளைத்தது. மாமனாரின் உதவியுடனும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் ஆதரவுடனும் 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரம் சென்றார். மனைவி சேஷகிரி இங்கே காத்திருந்தார். கணவர் திரும்பி வரவே இல்லை.

ஹார்வர்டில் வெப்பநாட்டு நோய்களுக்கான பட்டயம் பெற்றபின், வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஏவலராக வேலை பார்த்துக்கொண்டே சைரஸ் ஃபிஸ்கேயின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். இருவரும் 1925-இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறை இன்றும் இருவர் பெயரிலேயே வழங்குகிறது. பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீலமாகும். நீலத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைச் சொல்லிவிடலாம். உயிர்வேதியியல் மாணவனாக நானும் அந்த நீலத்தைச் சோதனைக் குழாயில் வரவழைத்திருக்கிறேன். ஃபிஸ்கே–சுப்பாராவ் என்று பாடநூலில் படித்தபோது, அதில் பாதி திருவல்லிக்கேணித் தெருக்களில் நடந்த பெயர் என்று எங்களுக்கு எவரும் சொன்னதில்லை.

அந்த முறையைக் கொண்டு 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும் 1929-இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். தசையின் இயக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற, நோபல் பரிசு பெற்ற ஹில், மேயர்ஹாஃப் ஆகியோரின் கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. ஆயினும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்கே பொறாமையால் வெளிவரவிடவில்லை என்றும், பல ஆண்டுகளுக்குப் பின் மற்றவர்கள் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் அங்கு உடன் பணியாற்றிய, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார்.

1940-இல் அவர் பல்கலைக்கழகத்தைவிட்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார். அமெரிக்கன் சயனமிட் என்ற பெருநிறுவனத்துக்குச் சொந்தமான ஆய்வகம் அது. அங்கே அவருக்குக் கிடைத்தவை எட்டே ஆண்டுகள்.

முதலில் ஃபோலிக் அமிலம். பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களை வாட்டிய ரத்தசோகையை ஈஸ்ட் சாற்றால் குணப்படுத்தலாம் என்று ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1931-இல் எழுதியிருந்தார். அந்தச் சாற்றிலும் கல்லீரலிலும் இருந்த காரணப்பொருளை லெடர்லி குழு பிரித்து, அமைப்பை அறிந்து, 1945-இல் செயற்கையாகவே தயாரித்தது. டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதை ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் எழுந்து நடந்தார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து அவருடைய ஆய்வகத்திலிருந்தே மருந்து புறப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தது வேதியியலின் நுட்பம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை ஃபோலிக் அமில வகைகள் தணிப்பதற்கு மாறாகத் தூண்டுவதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கருதினார். அப்படியானால் அதைத் தடுக்கும் பொருள் வேண்டும். சுப்பாராவின் குழு ஃபோலிக் அமில மூலக்கூறின் ஒரு மூலையில் இருந்த ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி அமினோ தொகுதியை வைத்தது. பூட்டில் நுழையும், ஆனால் திறக்காத சாவி போன்றது இது; உயிரணு ஏமாந்து அதைப் பற்றிக்கொண்டு பெருக முடியாமல் நிற்கும். அமினோப்டெரின் என்ற அம்மருந்தை ஃபார்பர் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் அச்செய்தி வெளியானபோது, ரத்தப் புற்றுநோயை மருந்தால் அசைக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் முதன்முறையாக நம்பத் தொடங்கியது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்று முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கூட எழுதப்படுகிறது.

தமிழர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று ஹெட்ரசான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழுத்தொற்று வந்தது. பருத்தி எலிகளில் நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்து 1947-இல் லெடர்லி கண்டறிந்த டைஎத்தில்கார்பமசின் அந்தப் புழுவின் இளம் பருவத்தை ரத்தத்திலிருந்தே துடைத்தது. காரைக்காலில் 1982 முதல் அந்த மருந்தைச் சமையல் உப்பில் கலந்து கொடுத்து நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வீடு வீடாகச் சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுவந்து விழுங்கச் சொன்ன யானைக்கால் தடுப்பு மாத்திரையும் அதுதான்.

இனி ஆரியோமைசின். தாவரவியல் பேராசிரியராக ஓய்வு பெற்றபின் லெடர்லியில் சேர்ந்த பெஞ்சமின் டகர், மிசௌரி மாநில மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து பெற்ற இது, டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் நுண்ணுயிர்க்கொல்லி. ஆய்வைத் தலைமையேற்று நடத்தியவர் சுப்பாராவ். 1948 ஜூலையில் மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, 53 வயதில், உறக்கத்தில் அவர் இறந்தார். காப்புரிமை டகரின் பெயரில் 1949 செப்டம்பரில் வழங்கப்பட்டது. உரிமை அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்துடையது. தன் பெயரைக் கண்டுபிடிப்புகளுடன் பிணைப்பதற்காக விஞ்ஞானிகள் வழக்கமாகச் செய்யும் எதையுமே சுப்பாராவ் செய்திருக்கவில்லை என்பது கண்டு ஒரு காப்புரிமை வழக்குரைஞர் வியந்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

போற்றுதல் இங்கேதான் நின்றுவிடுகிறது. நான் இன்னும் சற்றுத் தொலைவு போக விரும்புகிறேன். ஊழியர் தம் கண்டுபிடிப்பின் உரிமையை ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆகவே சுப்பாராவ் தன் பெயரை வேண்டாமென்று ஒதுங்கியதால் மருந்து பொதுச் சொத்தாகிவிடவில்லை. ஒதுங்கியது அவர் பெயர், உரிமை அல்ல.

அதன் விளைவு அவர் பிறந்த நாட்டிலேயே தெரிந்தது. 1959 இறுதியில் அமெரிக்க செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவரின் குழு மருந்து விலைகளை விசாரிக்கத் தொடங்கியது. ஆரியோமைசினும் அதே லெடர்லியின் அக்ரோமைசினும் உலகிலேயே மிக அதிக விலைக்கு விற்கப்படும் நாடுகளில் ஒன்று இந்தியா என்றும், பொதுவாகவே மருந்து விலை உயர்ந்த நாடுகளின் வரிசையில் இந்தியா இருக்கிறது என்றும் அந்தக் குழு கண்டது. அமெரிக்கரைவிடப் பன்மடங்கு ஏழையான இந்தியர், ஓர் இந்தியர் தலைமையேற்ற ஆய்வகத்தின் மருந்தை அந்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். காரணம், 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். மருந்துப் பொருளையே பூட்டிவைக்க அது இடம் கொடுத்தது.

அந்தப் பூட்டைத் திறக்க வழி சொன்னவரும் சென்னையைச் சேர்ந்தவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959 செப்டம்பரில் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டவருடையவை என்றும், அவற்றில் பெரும்பாலானவை இங்கு உற்பத்திக்கே வருவதில்லை என்றும் எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் இயற்றப்பட்டு 1972-இல் நடைமுறைக்கு வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்தைப் பொறுத்தவரை செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றது; அதுவும் அதிகபட்சம் ஏழாண்டு. அதே மூலக்கூறை வேறு வழியில் தயாரிக்க நம் வேதியியலாளர்களுக்குத் தடை நீங்கியது. இந்திய மருந்துத் தொழில் எழுந்து நின்றது அந்த இடைவெளியில்தான்.

உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக 2005-இல் மருந்துப் பொருளுக்கான காப்புரிமை மீண்டும் வந்தது. ஆனால் பழைய மூலக்கூறைச் சற்றே மாற்றிப் புதிது என்று கோருவதைத் தடுக்க மூன்று (டி) என்ற பிரிவையும் நாடாளுமன்றம் சேர்த்தது. சுப்பாராவின் சாவி தொட்ட அதே ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தின் இன்னொரு வகைக்கான கிளிவெக் மருந்தின் மீது நோவார்ட்டிஸ் கோரிய உரிமையை, அந்தப் பிரிவின்படி 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.1,20,000 விலையுள்ள சிகிச்சை, உள்நாட்டுத் தயாரிப்பில் ரூ.10,000-க்கும் குறைவாகக் கிடைக்க வழி திறந்தே இருந்தது.

இன்னொரு கதவும் சட்டத்தில் உண்டு. மருந்து மக்களுக்கு எட்டாத விலையில் இருந்தால், காப்புரிமை இருக்கும்போதே மற்றொரு நிறுவனம் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் தரலாம். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் நெக்சவார் புற்றுநோய் மருந்துக்கு அப்படி உரிமம் பெற்ற நாட்கோ, மாதம் சுமார் ரூ.2,80,000 ஆக இருந்ததை ரூ.8,800-க்கு விற்க முன்வந்தது. அந்த ஒரு முறைக்குப் பின் அந்தக் கதவைத் தட்டியவர்கள் வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறார்கள். புதிய புற்றுநோய் மருந்துகளும் அரிய நோய்களுக்கான மருந்துகளும் பல லட்சங்களைத் தாண்டிக் கோடிகளில் விற்கப்படும் காலத்தில், இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தத் தயங்கும் அரசுகள் சுப்பாராவுக்குச் சிலை வைப்பதில் பொருளில்லை.

சிலைக்கு முன்னோடியாக 1995-இல் நூற்றாண்டு அஞ்சல்தலை ஒன்று வந்தது. அதற்கும் நெடுங்காலம் முன்பே, 1953-இல், லெடர்லியைச் சேர்ந்த விஞ்ஞானி ஒருவர் புதிதாகக் கண்ட பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார். உயிரோடிருந்தபோது கோராத பெயர் அப்படித்தான் ஓர் உயிரினத்தின் மீது ஏறியது. கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்துடன் சேர்த்துக் கட்டணமின்றித் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையில் எவர் பெயரும் இல்லை.