நாள் பார்த்த மன்னர்

வகுப்போடு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஒருநாள் சுற்றுலா என்றதும் எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது என்றுதானே பேசுவீர்கள்? ஆனால், உங்கள் ஆசிரியர் முதலில் காலண்டரைத்தான் பார்ப்பார். எந்த நாளில் போனால் எல்லோரும் வர முடியும் என்று யோசிப்பார்.

அப்படி நாள் பார்த்த மன்னர் ஒருவர் நம் மதுரையில் இருந்தார். அவர்தான் திருமலை நாயக்கர்.

1623-ம் ஆண்டு அவர் ஆட்சிக்கு வந்தபோது தலைநகரம் திருச்சியில் இருந்தது. அதை அவர் மதுரைக்கு மாற்றினார். 1636-ல் பெரிய மகாலைக் கட்டி முடித்தார். அதன் தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? உங்களில் இரண்டு பேர் கைகோத்தாலும் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முடியாது! வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும், மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபமும் அவர் தந்தவைதான்.

ஆனால், கல்லில் கட்டாத ஒன்றையும் அவர் நமக்குத் தந்தார். அதுதான் இன்றைய சித்திரைத் திருவிழா.

முன்பு மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன என்பார்கள். அது அறுவடைக் காலம். கதிர் முற்றி நிற்கும்போது வயலை விட்டுவிட்டு யாரால் வர முடியும்? பெரிய தேரை இழுக்க ஆட்கள் போதவில்லையாம். அழகர் விழாவோ தனியாக, சித்திரைப் பௌர்ணமியன்று சோழவந்தான் பக்கம் தேனூரில் வைகை ஆற்றில் நடந்தது.

மன்னர் நினைத்திருந்தால் ஆணை போட்டு ஆட்களை இழுத்து வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மக்களுக்கு ஏற்றபடி நாளையே மாற்றினார்! மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்தார். அழகரையும் மதுரைக்கு வரவழைத்தார்.

சித்திரையில் அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும். உழவு மாடுகளுக்கும் வேலை இருக்காது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வண்டி பூட்டி, ஊரே சேர்ந்து கிளம்பலாம். இரவுப் பயணத்துக்கு நிலா வெளிச்சம் துணை. ஒரே பயணத்தில் கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என எல்லாமும் பார்க்கலாம். சைவர், வைணவர் என்ற பிரிவு மறந்து எல்லோரும் ஒன்றாகக் கூடினார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இன்றும் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாதம் மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை!

1659-ல் திருமலை நாயக்கர் மறைந்தார். அவர் கட்டிய மகாலில் பெரும்பகுதி இடிந்து போய், இப்போது நான்கில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால், திருவிழாவுக்கு வரும் கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

அடுத்த முறை சுற்றுலா பேச்சு வந்தால், யாரால் வர முடியவில்லை, ஏன் என்று முதலில் கேளுங்கள். தேர்வா, வீட்டு வேலையா, பணக் கஷ்டமா என்று தெரிந்துகொண்டு, பிறகு நாள் குறியுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். ஒருவரையும் விட்டுவிடாமல் போய் வருவதுதான் நல்ல சுற்றுலா. செய்வீர்கள்தானே?