சிபில் கார்த்திகேசு அம்மையார்

ஈப்போவில் பேர் பார்க் பக்கம் சரக்குக் கொண்டுபோகும் நம் வியாபாரச் சகோதரர்கள் ஜாலான் சிபில் கார்த்திகேசு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஏழை நோயாளிக்கு உதவி என்று யாராவது கடைக்கு வந்தால், நாமும் கல்லாவிலிருந்து ஏதோ எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நோயாளிகளுக்காகத் தம் வீட்டையே திறந்து வைத்த இந்த அம்மையாரின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

அம்மையார் 1899-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி சுமத்திராவிலுள்ள மேடானில் பிறந்தார். யூரேஷியர் குடும்பம். தாயார் மருத்துவச்சி, மகளும் தாதித் தொழிலும் பிரசவ வைத்தியமும் கற்றுத் தேறினார். 1919-ல் இலங்கைத் தமிழ் வம்சத்தவரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். அவ்வருஷமே பிறந்த முதற் குழந்தை ஒரு நாள் முழுதும் கூட உயிருடன் இருக்கவில்லை. எத்தனையோ தாய்மாருக்குப் பிரசவம் பார்த்த கைக்கு இப்படியொரு சோதனை.

1926-ல் தம்பதிகள் ஈப்போ புரூஸ்டர் ரோட்டில், இந்நாளில் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என்று வழங்கும் அதே வீதியில், வைத்தியசாலை திறந்தனர். அம்மையார் சீனப் பெண்களிடம் கந்தோன் பாஷையிலேயே பேசுவார். வந்தவரின் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பது கடையில் நிற்கும் நமக்குத் தெரியாததா?

1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டு விழுந்தது. குடும்பம் பத்து மைல் தொலைவிலுள்ள பாப்பான் என்னும் ஈயலம்பத்து ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மெயின் ஸ்ட்ரீட் 74-ஆம் எண் வீட்டின் முன்கட்டில் அம்மையார் மருந்து கொடுக்கத் தொடங்கினார். டாக்டர் ஈப்போவில் தம் தொழிலைத் தொடர்ந்தார். காசில்லாதவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. மருந்துக்கு அவ்வளவு பஞ்சமான ஜப்பான்காரன் காலத்தில் இது எப்படிப்பட்ட செலவு என்பதை, கொள்முதல் செய்து பழகிய நாம் சொல்லாமலே அறிவோம்.

முன்வாசலில் ஊரார் வந்தனர். இரவானால் பின்பக்கத்துக் காய்கறித் தோட்டத்தின் வழியாக, மலைக்காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடியவர்கள் காயத்தோடு வந்தனர். அம்மையார் அவர்களுக்கும் கட்டுப்போட்டார். குண்டை எடுக்க வேண்டுமானால் டாக்டர் கை கொடுத்தார். வீட்டில் ரேடியோ ஒன்றையும் ஒளித்து வைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டார்கள். அந்நாளில் அதற்குத் தண்டனை தலை போவது.

1943-ல் முதலில் டாக்டரையும் பிறகு அம்மையாரையும் பிடித்தார்கள். கெம்பிதாய்க்காரர் செய்த கொடுமைகளையெல்லாம் இங்கே எழுத மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். சிறு வயது மகள் டானை மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயைப் பெயர்கள் சொல்லச் சொன்னார்கள். அம்மையார் ஒரு பெயரும் சொல்லவில்லை. குழந்தை உயிர் பிழைத்தாள். நாமும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அந்த இடத்தில் நாம் நின்றிருந்தால் வாயைத் திறந்திருப்போம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தாய் செய்தது சரியா என்று கேட்பவருக்கும் நம்மிடம் பதிலில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்திருந்தால், அந்தப் பின்வாசலில் வந்து போனவர்களின் கதி என்னவாகியிருக்கும்?

ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் வைத்தார்கள். 1945 செப்டம்பரில் வெளியே வந்தபோது அம்மையாரால் நடக்க முடியவில்லை. வைத்தியத்துக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினர். பிரிட்டிஷ் மன்னரின் ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது. ஆனால் தாடையில் உதைபட்ட பழைய காயம் விஷமாகி, 1948 ஜூன் 12-ல் காலமானார். ஸ்காத்லாந்தில் லானார்க் என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1949-ல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் மாதா கோவிலை அடுத்த மயானத்தில் மீண்டும் அடக்கமாயிற்று.

பாப்பான் வீடு பிற்காலத்தில் ஆர்வமுள்ளோர் முயற்சியால் நினைவில்லமாயிற்று. பூசிங் பக்கம் வசூலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் வண்டியை அங்கே திருப்பலாம். முன்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்வாசலையும் பார்த்து வாருங்கள்.