எர்னி பைல்

பசிபிக் மாகடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில், ஹொனலூலு நகரை நோக்கியவாறு பஞ்ச்பவுல் என்னும் குன்று நிற்கின்றது. அவிந்த எரிமலையாகிய அதன் வாய் கிண்ணம்போற் குழிந்து, பசும்புல் போர்த்துக் கிடக்கின்றது. போரில் மாண்ட வீரர் பல்லாயிரவர் அங்கே துயில்கின்றனர். குன்றேறி வருவோர் பலர் அவர்களிடையே ஒரு கல்லைத் தேடிச் செல்வர். தரையோடு பதிந்த அக்கல் ஏனைய கற்களைப் போன்றதே. அதன்கீழ் உறங்குபவரோ துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர் அல்லர், போர்ச்செய்தி எழுதியவர்.

எர்னி பைல் 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உழவர் குடியிற் பிறந்தார். பல்கலைக்கழகக் கல்வி முற்றுப்பெறுமுன்பே 1923 இல் செய்தித்தாட் பணி ஏற்றார். 1935 முதல் மனைவியாருடன் நாடெங்கும் சுற்றி, எளிய மக்களின் வாழ்வை எழுதினார். அப்பழக்கம் போர்க்களத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை. தளபதிகளின் திட்டங்களை எழுதப் பலர் இருந்தனர். சேற்றிற் படுத்துறங்கும் காலாள் வீரனின் ஊரும் பேரும் கேட்டு எழுதியவர் சிலரே. வட ஆப்பிரிக்கா, சிசிலி, இத்தாலி, நார்மண்டி ஆகிய களங்களில் அவர் அவ்வீரர்களோடு உண்டு உறங்கினார்.

1943 டிசம்பரில் இத்தாலிய மலைப்போரில் ஹென்றி வாஸ்கோ என்னும் இளம் படைத்தலைவர் மாண்டார். நிலவொளியில் அவர் உடலைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக் கீழே கொணர்ந்து, கற்சுவரருகே கிடத்தினர். வீரர் ஒவ்வொருவராக வந்து நின்றனர். ஒருவன் அருகமர்ந்து, அவர் கையைப் பற்றியபடி நெடுநேரம் வாளாவிருந்தான். பின்பு சட்டைக் கழுத்துப்பட்டியை மெல்லச் சீர்செய்துவிட்டு எழுந்து சென்றான். பைல் கண்டதைக் கண்டவாறே எழுதினார். அமெரிக்க இல்லங்கள் அதனைப் படித்துக் கண்ணீர் வடித்தன.

1944 இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. காலாட்படையினர்க்குப் போர்ப்படி வேண்டுமென்று அவர் எழுதியதன் பயனாக அவ்வாண்டே சட்டமும் பிறந்தது. எனினும் கண்ட சாவுகள் அவர் உள்ளத்தை நைவித்தன. களைத்து வீடு திரும்பியவர், ஓய்ந்திருக்க விரும்பியும், பசிபிக் போர்முனையில் வீரர் பொருதுகொண்டிருக்கத் தாம் ஒதுங்கியிருத்தல் தகாதென எண்ணி மீண்டும் புறப்பட்டார்.

1945 ஏப்ரல் 18 ஆம் நாள், ஒகினாவாவை அடுத்த இயே ஷிமா தீவில் ஜீப்பிற் செல்லுகையில் இயந்திரத் துப்பாக்கி சீறியது. பைல் பள்ளத்திற் பாய்ந்து பதுங்கினார். உடன் வந்தோர் நலமோ என்று தலை தூக்கிப் பார்த்த அக்கணமே குண்டு நெற்றிப் பொட்டிற் பாய்ந்தது. ஐரோப்பியப் போர் முடியும் நாளுக்கென அவர் எழுதிய கட்டுரை சட்டைப்பையிலேயே இருந்தது. மாண்டோரை மறவாதிருத்தல் பற்றியதே அது.

முதலில் அத்தீவிலேயே வீரரிடையே அடக்கம் செய்யப்பெற்ற அவர் உடல், 1949 இல் பஞ்ச்பவுலுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய கல்லின் இருமருங்கிலும் உள்ள கற்களில் பெயரில்லை. இன்னாரென அறியப்படாத வீரர் இருவர் அங்கே துயில்கின்றனர்.