லியொனார்டோ ஃபிபொனாச்சி

லியொனார்டோ ஃபிபொனாச்சி (அண். 1170 – அண். 1250) இடைக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதவியலாளர்களுள் ஒருவர் ஆவார். இத்தாலியின் பீசா நகரைச் சேர்ந்தவர் என்பதால் பீசாவின் லியொனார்டோ எனவும் அழைக்கப்படுகிறார். ஓர் எண் தொடர்வரிசையால் இவர் பெயர் இன்று பரவலாக அறியப்பட்டாலும், இந்திய-அரேபிய எண்முறையை ஐரோப்பாவில் பரப்பியதே இவரது முதன்மையான பணியாகும்.

வாழ்க்கை

இவரது தந்தை குக்லியெல்மோ, வட ஆப்பிரிக்காவின் புசியா துறைமுகத்தில் (இன்றைய அல்சீரியாவின் பெஜாயா) பீசா வணிகர்களின் சார்பில் அலுவலராக இருந்தார். அங்கு வரவழைக்கப்பட்ட லியொனார்டோ, ஒன்பது குறிகளையும் சுழியையும் கொண்டு எல்லா எண்களையும் எழுதும் முறையைக் கற்றார். பின்னர் எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி முதலிய இடங்களுக்குப் பயணம் செய்தார். 1240 இல் பீசா நகராட்சி இவருக்கு ஆண்டு ஊதியம் வழங்கியது.

லிபர் அபாச்சி

1202 இல் எழுதிய இந்நூலில், புதிய எண்முறையைக் கொண்டு நாணயமாற்று, இலாபப் பங்கீடு போன்ற வணிகக் கணக்குகளைச் செய்யும் வழிகளை இவர் விளக்கினார். உரோம எண்களுக்குப் பழகியிருந்த ஐரோப்பா இம்முறையை உடனே ஏற்கவில்லை. 1299 இல் புளோரன்சு நகர நாணயமாற்றுவோர் சங்கம் தன் கணக்கேடுகளில் இவ்வெண்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எனினும் காலப்போக்கில் இம்முறையே நிலைபெற்றது.

முயல் கணக்கு

ஓர் இணை முயல்கள் ஓராண்டில் எத்தனை இணைகளாகப் பெருகும் என்பது இந்நூலில் உள்ள ஒரு கணக்கு. இதன் விடை 377. ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக அமையும் 1, 2, 3, 5, 8, 13 என்ற தொடர்வரிசை இதிலிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் விரகாங்கர், ஹேமச்சந்திரர் ஆகியோர் குறில், நெடில் அமைப்புகளை எண்ணும் யாப்பிலக்கண ஆய்வில் இதே எண்களை முன்னரே கண்டறிந்திருந்தனர்.

பொன் விகிதம்

இத்தொடருக்கும் பொன் விகிதத்திற்கும் உள்ள தொடர்பை லியொனார்டோ தம் நூலில் கூறவில்லை. 1611 இல் வெளியான நூலொன்றில் கெப்லர் அதனைக் குறிப்பிட்டார். 2/1, 3/2, 5/3, 8/5 ஆகிய விகிதங்களின் மதிப்புகள் முறையே 2, 1.5, 1.667, 1.6 ஆகும். இவற்றை வரைபடத்தில் குறித்தால், புள்ளிகள் 1.618 என்ற கிடைக்கோட்டின் மேலும் கீழும் மாறிமாறி அமைந்து அதனை நெருங்கிச் செல்வதைக் காணலாம். 377/233 இன் மதிப்பு 1.618026, பொன் விகிதம் 1.618034. விகிதம் x என்ற மதிப்பை அணுகுமெனில், கூட்டல் விதியின்படி x = 1 + 1/x ஆகும். இச்சமன்பாட்டின் நேர்மத் தீர்வான (1 + √5)/2 என்பதே பொன் விகிதம்.

19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்டு லூக்கா இத்தொடருக்கு ஃபிபொனாச்சியின் பெயரைச் சூட்டினார்.